ஏரி வாய்க்கால் ஓரத்தில் பிளாஸ்டிக் ஆலை: வேண்டாம் என்று கை தூக்கியவன் எழுதுவது

வாசகர் கேள்வி, 27 ஜனவரி 2023

ஓமலூர் பக்கம் ஒரு ஊரில் பிளாஸ்டிக் கழிவு ஆலை வரக்கூடாது என்று கிராம சபையில் தீர்மானம் போட்டிருக்கிறார்களாம். பால் கவர் வேண்டும், ஷாம்பு பாக்கெட் வேண்டும், அதை மறுபடி பொருளாக்கும் ஆலை மட்டும் வேண்டாமா? எல்லா ஊரும் வேண்டாம் என்றால் இந்தக் குப்பை எங்கேதான் போகும்?

27 ஜனவரி 2023, இரவு

அது எங்கள் ஊர். நேற்று குடியரசு நாள் கிராம சபையில் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அதனால் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆலை வரப்போகும் இடம் ஒரு மேட்டுக்காடு. வேலிக்காத்தான் முளைத்து, ஆடு மேய்க்கக்கூட யாரும் போகாத நிலம். இங்கே எது வந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் அந்தக் காட்டின் கிழக்கு எல்லையை ஒட்டித்தான் எங்கள் ஏரிக்கு வரும் வாய்க்கால் போகிறது. வேலியிலிருந்து வாய்க்கால் கரைவரை நடந்து அளந்தேன். நாற்பது தப்படி.

சேர்வராயன் மலையில் பெய்யும் மழை சரபங்கா ஆற்றில் இறங்கி, ஓமலூர் வழியாக எடப்பாடி பக்கம் போய்க் காவிரியில் சேர்கிறது. வழியில் இருக்கும் ஏரிகளெல்லாம் இந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. மேட்டூர் உபரி நீரை 100 ஏரிகளில் நிரப்ப 565 கோடி ரூபாயில் திட்டம் போட்டு, 2021-இல் தொடங்கியும் வைத்தார்கள். ஏரியில் தண்ணீர் நிற்கவேண்டும் என்று அவ்வளவு செலவு செய்கிற மாவட்டத்தில், ஏரிக்கு வரும் வாய்க்காலை ஒட்டிக் கழிவு கழுவும் ஆலை எதற்கு? என் எதிர்ப்பு இதுதான். மறுசுழற்சியை எதிர்க்கவில்லை.

28 ஜனவரி 2023

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, 'கழிவு கழுவும் ஆலை என்கிறீர்கள், அப்படி என்ன கழுவுவார்கள்' என்று ஒரு அக்கா கேட்டார். நல்ல கேள்வி. நான் 2009-லிருந்து நான்கு வருடம் இப்படி ஒரு பட்டறையில் கணக்கெழுதினேன். ஊர், பெயர் வேண்டாம். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

பழைய இரும்புக் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாகப் பிளாஸ்டிக் வரும். முதல் வேலை பிரிப்பது. அதைச் செய்பவர்கள் பெண்கள், தினக்கூலி. பால் கவர் தனி, பக்கெட் தனி, குழாய் தனி, தண்ணீர் பாட்டில் தனி. எந்த ரகப் பிளாஸ்டிக் என்று காட்டச் சாமானின் அடியில் 1 முதல் 7 வரை எண் போட்டிருக்கும் என்று புத்தகத்தில் படிக்கிறோம். அந்த அக்காக்கள் எண்ணைப் பார்ப்பதே இல்லை. கையில் கசக்கி, சத்தத்தை வைத்தே இது எல்.டி., இது ஹெச்.டி., இது பி.பி. என்று ரகத்தைச் சொல்லிவிடுவார்கள். எல்.டி. என்றால் பால் கவர் ரகம், ஹெச்.டி. பக்கெட் ரகம், பி.பி. பாலிப்ரொப்பிலீன். சந்தேகம் வந்தால் ஒரு துண்டைத் தொட்டித் தண்ணீரில் போடுவார்கள். பால் கவரும் பக்கெட்டும் மிதக்கும், பி.வி.சி. குழாயும் தண்ணீர் பாட்டிலும் முழுகிவிடும். பத்தாம் வகுப்பில் எனக்குப் புரியாத அடர்த்தி என்ற பாடம் அந்தத் தொட்டியில் புரிந்தது.

பிரித்தபின் அரைப்பது. பிறகுதான் கழுவுவது. கவர் என்றால் வெறும் கவர் இல்லை. உள்ளே புளித்த தயிர், சாம்பார், மீன் கழுவின தண்ணீர், உரம், பூச்சி மருந்து, எண்ணெய், சோப்புத்தூள் எல்லாம் ஒட்டியிருக்கும். காரச் சோடா போட்டுக் கழுவினால்தான் போகும். அந்தத் தண்ணீர் சாம்பல் நிறத்தில் நுரையோடு வெளியே வரும். நான் இருந்த பட்டறையில் அது பின்பக்கச் சாக்கடைக்குப் போனது. சாக்கடை எங்கே போகிறது என்று நானும் கேட்கவில்லை, சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இந்த இழையில் நான் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கழுவியதைக் காயவைத்து, உருக்கி, இடியாப்பம் பிழிவதுபோல நீள நூலாக இழுத்துத் தண்ணீரில் ஆறவிட்டு, குருணையாக வெட்டுவார்கள். அந்தக் குருணைதான் பிறகு குடமாகவும் குழாயாகவும் கறுப்புக் கவராகவும் மாறும்.

30 ஜனவரி 2023

இன்று திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு 22 பேர் போய் மனு கொடுத்தோம். மனு ஏற்கப்பட்டதற்குச் சீட்டு வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுத யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018-இல் சேலம்-சென்னை எட்டு வழிச் சாலைக்கு நிலம் அளக்க வந்தபோது சேலம் மாவட்டமே சர்வே எண்ணையும் அறிவிக்கையையும் படிக்கக் கற்றுக்கொண்டது.

சட்டப்படி இந்த ஆலைக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியே ஆகவேண்டும். 30 நாளுக்கு முன்னால் நாளிதழில் விளம்பரம் கொடுக்கவேண்டும். அது இல்லாமல் ஒரு கல்லும் வைக்க முடியாது.

3 பிப்ரவரி 2023

மேலே உள்ள குறிப்பின் கடைசிப் பத்தி தவறு. அழிக்காமல் விடுகிறேன், திருத்தத்தை இங்கே சொல்கிறேன்.

கருத்துக்கேட்புக் கூட்டம் என்பது 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் இருக்கும் தொழில்களுக்குத்தான். நகராட்சிக் குப்பைகளுக்கான பொதுத் திடக்கழிவு மையம் அதில் இருக்கிறது. பிளாஸ்டிக்கை அரைத்துக் குருணையாக்கும் தனியார் பட்டறை அந்த அட்டவணையில் இல்லை. அதற்கு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். கட்டுவதற்கு முன் ஒன்று, ஓட்டுவதற்கு முன் ஒன்று. 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டமும் 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டமும் அதற்கு அடிப்படை. அதோடு 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பதிவும் வேண்டும்.

வக்கீல் ஒருவர் பொறுமையாக விளக்கியபிறகுதான் எனக்கு இது புரிந்தது. இதனால் நம் கை கொஞ்சம் கட்டப்படுகிறது, உண்மைதான். ஊரைக் கூட்டிவைத்துக் கேட்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. அதனால் நாமாகத்தான் கேட்கவேண்டும். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஐந்து கேள்வி அனுப்பியிருக்கிறேன். என்ன பிளாஸ்டிக், எங்கிருந்து வரும், தண்ணீர் எங்கே எடுப்பார்கள், கழுவின தண்ணீர் எங்கே போகும், அடியில் தங்கும் சேறு எங்கே போகும்.

19 பிப்ரவரி 2023

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

ஊரில் ஒரு நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள். ஆலை வந்தால் 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குப் புற்றுநோய் வரும், காற்றெல்லாம் விஷமாகும், ஆஸ்பத்திரிக் குப்பையை எரிப்பார்கள் என்று. அதைக் கையில் வாங்கியதும் எனக்கு உடம்பு கூசியது. நாம் எதிர்ப்பது உண்மை என்றால் அதற்குப் பொய் எதற்கு?

குருணை ஆலையில் பிளாஸ்டிக்கை எரிப்பதில்லை, உருக்குகிறார்கள். பால் கவர் ரகம் 110 டிகிரிக்குப் பக்கத்தில் இளகும், பக்கெட் ரகம் 130, பி.பி. 160. புகையும் நாற்றமும் வரும், மறுக்கவில்லை. குறிப்பாகக் கலப்பில் பி.வி.சி. போய்விட்டால். ஒருநாள் எங்கள் பட்டறையில் கல்யாண ப்ளெக்ஸ் பேனர் ஒன்று கிழிசலோடு கிழிசலாக உள்ளே போய்விட்டது. பி.வி.சி.யின் எடையில் பாதிக்குமேல் குளோரின். சூட்டில் அது அமிலப் புகையாக வெளியேறும். மெஷினில் நின்ற பையன் கண்ணைத் தேய்த்துக்கொண்டே வெளியே ஓடிவந்தான். இரண்டு நாள் இருமினான். ஆபத்து முதலில் உள்ளே வேலை செய்பவர்களுக்கு. நோட்டீஸில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். காலையில் குளிக்கத் தண்ணீர் காயவைக்க அடுப்புப் பற்றவைக்கும்போது நம் வீடுகளில் முதலில் போடுவது என்ன? பிளாஸ்டிக் கவர்தான். டக்கென்று பிடித்துக்கொள்ளும் என்று. போகிக்கு டயர். தெருமுனைக் குப்பைக்கு வாரம் ஒருமுறை நெருப்பு. டயாக்சின் என்ற நஞ்சு உருவாவதற்கு இப்படி அரைகுறையாக எரியும் நெருப்பில் பி.வி.சி. சேர்ந்தால் போதும். பத்து கிலோமீட்டர் தள்ளி வரப்போகும் புகைக்குப் பயப்படுகிற நாம் வாசலில் இருக்கும் புகையை மூச்சில் இழுக்கிறோம்.

கூட்டத்தில் இதைச் சொன்னேன். என் சித்தப்பா மகன் எழுந்து, "நீ அந்தப் பட்டறைச் சோறு தின்னவன்தானே, அப்படித்தான் பேசுவ" என்றான். எல்லார் முன்னாலும். நான் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் வெகுநேரம் மனசு ஆறவில்லை.

21 பிப்ரவரி 2023

தம்பி வீட்டுக்கு வந்தான். அதே சித்தப்பா மகன்தான். நோட்டீஸ் இனி அப்படி அடிக்கமாட்டோம் என்றான். காபி குடித்தோம். அவ்வளவுதான்.

7 மார்ச் 2023

கொச்சி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் எரியும் தீயைப் பார்க்கிறீர்களா? மார்ச் 2-ஆம் தேதி பிடித்தது, இன்னும் அணையவில்லை. குவித்துவைத்த பிளாஸ்டிக் மலை எரிகிறது. மேலே தண்ணீர் அடித்தாலும் அடியில் கனன்றுகொண்டே இருக்கிறதாம். ஊர் முழுக்கப் புகை.

ஊரில் எல்லாரும் போனில் இதைத்தான் காட்டுகிறார்கள். 'பார்த்தியா, இதுதான் நம்ம ஊருக்கும்' என்று. நான் பார்த்ததும் எனக்குத் தோன்றியது வேறு. அது ஆலையால் வந்த தீ இல்லை, பிரிக்காமல் குவித்ததால் வந்த தீ. பிரித்து எடுத்துப் போக வழி இல்லாத ஊரில் குப்பை இப்படித்தான் ஏறும். ஆனால் நம் எதிர்ப்புக்கும் இதில் ஒரு கேள்வி இருக்கிறது. ஆலைக்காரர் எத்தனை நாள் சரக்கை இருப்பு வைப்பார்? மழைக்காலத்தில் காயாத சரக்கு எங்கே கிடக்கும்? தீப்பிடித்தால் ஓமலூரிலிருந்து வண்டி வர எவ்வளவு நேரம்? இந்தக் கேள்விகளை ஐந்தோடு சேர்த்திருக்கவேண்டும். விட்டுவிட்டேன்.

9 மார்ச் 2023

தகவல் வந்துவிட்டது. இரண்டு பக்கம். சரக்கு: 'கலப்புப் பிளாஸ்டிக் கழிவு'. தண்ணீர்: போர், அதாவது ஆழ்துளைக் கிணறு. கழிவுநீர்: 'வெளியேற்றம் இல்லை, மறுபயன்பாடு'. சேறு பற்றிய கேள்விக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.

வெளியேற்றம் இல்லை என்றால் நல்லதுதானே என்கிறார் ஒருவர். அப்படி ஓட்ட முடியும். அதற்கு வடிகட்டி வேண்டும், மின்சாரம் வேண்டும், ஆள் வேண்டும், தினமும் செலவு. நொய்யலை நினைத்துப்பாருங்கள். சாயக் கழிவு ஆற்றில் கலந்து ஒரத்துப்பாளையம் அணை வரைக்கும் தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னபிறகுதான் கழிவுநீரை முழுக்கச் சுத்திகரிக்கும் ஏற்பாடு பிடிவாதமாக நடந்தது. செய்ய முடியாத காரியம் இல்லை, ஆனால் யாராவது விடாமல் கேட்டால்தான் நடக்கும். எங்கள் மேட்டுக்காட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு வால்வைத் திறந்தால் யார் பார்ப்பார்கள்?

20 மார்ச் 2023

பிரம்மபுரம் தீக்காகக் கொச்சி மாநகராட்சிக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்திருக்கிறது. செய்தி பார்த்திருப்பீர்கள்.

கேரளத்திலிருந்தே இன்னொரு கதை சொல்கிறேன். திருவனந்தபுரத்துக் குப்பையெல்லாம் விளப்பில்சாலை என்ற கிராமத்து ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. நாற்றம், கழிவுநீர். வருடக்கணக்காகப் போராடி 2011 டிசம்பரில் அந்த ஊராட்சி ஆலையைப் பூட்டியது. நகரம் திணறிப்போனது. பிறகு வேறு வழியில்லாமல் வீட்டுக்கு வீடு உரம் போடும் தொட்டி, வார்டுக்கு வார்டு பிரிக்கும் இடம் என்று மாறினார்கள். ஒரு கிராமம் முடியாது என்று சொன்னதால்தான் நகரம் தன் குப்பையைத் தானே பார்க்கக் கற்றது. முதலில் கேள்வி கேட்ட நண்பருக்கு இதை முக்கியமாகச் சொல்கிறேன். உங்கள் கேள்வி சரிதான். ஆனால் 'எங்கே போகும்' என்பதற்கு இதுவரை கிடைத்த பதில் எப்போதும் நிலம் விலை குறைந்த இடமாகத்தான் இருக்கிறது.

2 ஏப்ரல் 2023

ஒருவர் கேட்டிருந்தார், 'உங்கள் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) மில்கள் இல்லாமலா? அப்போது ஏன் எதிர்க்கவில்லை?' என்று.

இருந்தன, இருக்கின்றன. என் சின்ன வயதில் குச்சிக்கிழங்கு சீசன் வந்தால் ஓடை வெள்ளையாகிவிடும். கிழங்குச் சக்கையான திப்பி காயும் புளிப்பு வாடை பள்ளிக்கூடம் வரைக்கும் வரும். எங்கள் ஆயா அந்த ஓடையைத் தாண்டும்போது முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வார். ஆனால் கிழங்கு விற்ற காசில்தான் எங்கள் வீட்டுக்கு ஓடு மாறியது, அதனால் யாரும் பேசவில்லை. இப்போது நிறைய மில்கள் அந்தக் கழிவுநீரைத் தொட்டியில் நொதிக்கவிட்டு வாயு எடுத்து மில்லுக்கே எரிபொருளாக்குகின்றன. வாடை முழுதாகப் போகவில்லை, ஆனால் ஓடை பழைய வெள்ளை இல்லை.

அப்போது பேசாதது தப்புதான். அந்தத் தப்பைச் சொல்லி இப்போதும் பேசாதே என்றால் ஒப்பமாட்டேன்.

2 மே 2023

நேற்று மே தினக் கிராம சபையில் தீர்மானத்தை மறுபடி படித்து உறுதி செய்தோம். இந்த முறை வார்த்தையை மாற்றினோம். 'பிளாஸ்டிக் ஆலை வேண்டாம்' என்பதை எடுத்துவிட்டு, 'ஏரி வாய்க்காலை ஒட்டிய சர்வே எண்களில் பிளாஸ்டிக் கழிவைக் கழுவும் எந்தத் தொழிலும் வேண்டாம்' என்று எழுதினோம். அரைமணி நேரம் வாக்குவாதம். சிலருக்கு இது இறங்கிப்போவதாகப் பட்டது. எனக்கு இதுதான் நிற்கும் என்று தோன்றுகிறது.

24 மே 2023

இம்மாதம் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வைப் பற்றிப் படித்தேன். ஒரு நவீன மறுசுழற்சி ஆலையில் கழுவும் தண்ணீரைச் சோதித்திருக்கிறார்கள். வடிகட்டி இல்லாதபோது உள்ளே போகும் பிளாஸ்டிக்கின் எடையில் சுமார் 13 விழுக்காடு வரை நுண் துகளாகத் தண்ணீரில் போகலாம் என்று கணக்கு. வடிகட்டி வைத்தபிறகும் 6 விழுக்காடு. நான் பட்டறையில் கணக்கெழுதியபோது சரக்கு வந்த எடைக்கும் குருணை போன எடைக்கும் எப்போதும் வித்தியாசம் இருக்கும். அழுக்கும் ஈரமும் என்று எழுதி நேர் செய்வோம். அதில் எவ்வளவு பிளாஸ்டிக்காகவே சாக்கடையில் போனதோ. அந்தப் பேரேடுகள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

28 மே 2023

ஏற்காடு போய்வந்தோம். கோடை விழாக் கூட்டம். 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் வண்டி நின்று நின்றுதான் ஏறியது. வளைவுகளில் குரங்குகள் சிப்ஸ் பாக்கெட்டை இரண்டு கையாலும் பிரித்து உள்பக்கத்தை நக்குகின்றன. என் மகள், 'அப்பா, அது கவரையும் தின்னுது' என்றாள். அது கவரைத் தின்றது.

இங்கே விஷயத்தை விட்டு விலகுவதாக நினைக்கவேண்டாம். நம் சரபங்காவும் சேலம் நகரத்துக்குள் போகும் திருமணிமுத்தாறும் இந்த மலையில்தான் பிறக்கின்றன. மேலே விழும் பாக்கெட் மழையோடு ஓடையில் இறங்கி நம் வாய்க்காலுக்கு வரும். ஆலை வராவிட்டாலும் வரும். எங்கள் ஏரியின் மதகில் போன மழைக்கு வலை போட்டதுபோலக் கவர் சிக்கியிருந்ததை நாங்கள்தான் இழுத்தோம்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பிளாஸ்டிக் தடை. 2021 டிசம்பரில் துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருள்களுக்கு 2022 ஜூலை முதல் நாடு முழுக்கத் தடை. கையில் பிடிக்கும் பை 120 மைக்ரானுக்குக் குறையக்கூடாது என்று போன டிசம்பர் கடைசியிலிருந்து விதி. நாம் பார்ப்பதெல்லாம் பைக்கும் கப்புக்கும் தட்டுக்கும்தான். குரங்கு நக்கிய பாக்கெட் கடைகளில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒட்டிய அந்தப் பாக்கெட்டை நான் பார்த்த எந்தக் குருணை ஆலையும் வாங்காது. பட்டறையில் அதை நாங்கள் 'மினுக்கு' என்போம். மூட்டையில் மினுக்கு அதிகமிருந்தால் விலையைக் குறைப்போம், பிறகு அதைத் தனியாக ஒதுக்கிப் பின்னால் போட்டுவிடுவோம்.

18 ஜூன் 2023

சொல்லிக்கொண்டே இருந்தால் போதாது என்று எங்கள் தெருவில் 31 வீட்டுப் பிளாஸ்டிக்கை ஒரு வாரம் வாங்கிச் சேர்த்தேன். தூய்மைக் காவலர் அக்கா ஒருவர் கூட நின்றார். பழைய பட்டறைக் கண் இன்னும் மறக்கவில்லை, கசக்கியதும் தெரிந்தது.

பால் கவர்தான் நிறைய இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பால் கவரையும் பாட்டிலையும் வீட்டுக்காரர்களே பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள். வந்து சேர்ந்ததில் பெரும்பங்கு மினுக்கு. ஷாம்பு, பிஸ்கெட், சிப்ஸ், மசாலாப் பொடி, பாக்கு. அடுத்தது குழந்தைகளின் டயப்பர். அதை எந்தக் குவியலில் போடுவது என்று தெரியாமல் அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு சிரிஞ்சும் இருந்தது. சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்ளும் வீடு எது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். போய்ச் சொன்னோம். அந்தப் பெரியவர் மிகவும் வருத்தப்பட்டார், ஊசியைப் பாட்டிலில் போட்டு மூடித்தருவதாகச் சொன்னார். பட்டறையில் பிரிக்கும் அக்காக்களின் விரல்களில் எப்போதும் துணி சுற்றியிருக்கும். அது அன்றைக்கு ஞாபகம் வந்தது.

9 ஜூலை 2023

ஆலைக்கு விண்ணப்பித்தவரைப் போய்ப் பார்த்தேன். தம்பியும் வந்தான். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

அறுபது வயது இருக்கும். தள்ளுவண்டியில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்து ஆரம்பித்தவர். எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். "நான் ஒண்ணும் குப்பையை உண்டாக்கலைங்க தம்பி. நீங்க போட்டதை எடுக்கறேன்" என்றார். அதற்கு எனக்குப் பதில் இல்லை. உண்மையாகவே இல்லை.

ஏன் இந்த இடம் என்று கேட்டேன். தொழிற்பேட்டையில் இடம் கேட்டால் தன்னால் தாங்கமுடியாது, மேட்டுக்காடு மலிவு, போரில் தண்ணீர் இருக்கிறது, ஆளும் கிடைக்கும் என்றார். 2022-இல் வந்த விதிகளின்படி பிளாஸ்டிக்கில் பொதிந்து விற்கும் கம்பெனிகள் அத்தனை எடைக்கு மறுசுழற்சிச் சான்றிதழ் காட்டவேண்டும். அதனால் இந்தத் தொழிலுக்கு இப்போது மவுசு, பலரும் பட்டறை போடப் பார்க்கிறார்கள் என்றும் சொன்னார். சேற்றை என்ன செய்வீர்கள் என்றதற்கு, 'உரக்குழியில் போடலாம்னு இருக்கேன்' என்றார். ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. அவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. நான் அந்த ஆய்வைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

திரும்பி வரும்போது ஒரு யோசனை வந்தது. பிரிப்பது வேறு, கழுவுவது வேறு. பிரிக்கும் வேலைக்குத் தண்ணீர் தேவையில்லை, கூரையும் மேஜையும் கையுறையும் போதும். அது ஊருக்கு ஊர் இருக்கலாம், எங்கள் ஊரிலும் இருக்கலாம். கழுவி உருக்கும் வேலை மட்டும் சுத்திகரிப்பு வசதி உள்ள தொழிற்பேட்டைக்குப் போகட்டும், இப்படி நாலைந்து பேர் சேர்ந்து ஒரே இடத்தில் செய்யட்டும். இரண்டையும் ஒரே கூரையின்கீழ் மலிவான நிலத்தில் வைப்பதால்தான் ஊருக்கும் அவருக்கும் சண்டை. முதல் நாளிலேயே இது எனக்குத் தோன்றியிருந்தால் ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும்.

10 ஜூலை 2023

'விலை போய்விட்டாயா' என்று கேட்டவருக்கு: ஒரு டம்ளர் மோர் குடித்தேன். வாய்க்கால் ஓரம் கழுவும் தொழில் கூடாது என்ற தீர்மானத்தில் இன்றும் என் கையெழுத்து இருக்கிறது, நாளைக்கும் இருக்கும்.

5 ஆகஸ்ட் 2023

ஆடிப் பண்டிகைக்குப் பிறகான கோயில் வாசலைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். கூழ் ஊற்றியது பேப்பர் கப்பில். பேப்பர் என்று நினைக்கிறோம், உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. அதனால்தான் கூழ் ஊறி ஒழுகுவதில்லை. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் 2019 தடைப் பட்டியலில் இருக்கிறது. அடுத்த வருடத்துக்கு 200 எவர்சில்வர் டம்ளர் வாங்க இளைஞர்கள் ஒத்துக்கொண்டார்கள். கழுவப் போவது யார் என்று பெண்கள் கேட்டார்கள். சரியான கேள்வி. ஆண்களே கழுவுவது என்று முடிவானது. ஒரு பாட்டி, "எழுதிக் கையெழுத்து வாங்குங்கடா, அதுக்கும் ஒரு தீர்மானம் போடுங்க" என்றார். எல்லாரும் சிரித்தோம். எழுதியும் வாங்கினோம்.

16 ஆகஸ்ட் 2023

நேற்றுக் கிராம சபை. இரண்டு தீர்மானம்.

ஒன்று பழையதுதான், வாய்க்காலை ஒட்டிக் கழுவும் தொழில் கூடாது. விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருக்கிறது, திரும்பப் பெறவும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. ஆனால் விண்ணப்பித்த பெரியவர் தொழிற்பேட்டையில் வேறு இருவரோடு சேர்ந்து ஒரு ஷெட் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தம்பி சொல்கிறான்.

இரண்டாவது, ஊராட்சியின் பழைய கொட்டகையைப் பிரிக்கும் இடமாக்குவது. தூய்மை பாரத இயக்கத்தின் கிராமப்புற இரண்டாம் கட்டத்தில் ஒன்றியத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை அலகு வைக்க 16 லட்சம் ரூபாய் வரை வழி இருக்கிறது. சேலம் மாவட்டத்தில் 20 ஒன்றியங்கள். எங்கள் ஒன்றியத்து அலகு எங்கே, எங்கள் கொட்டகைச் சரக்கை அது எடுக்குமா என்று எழுதிக் கேட்டிருக்கிறோம்.

தீர்மானத்துக்கு முன்பே கொட்டகையில் இரண்டு மாதமாகச் சேர்ந்ததில் பால் கவரும் பக்கெட்டும் விற்றுப் போய்விட்டன. அந்தப் பணம் பிரித்த இரண்டு அக்காக்களுக்கு. மினுக்கு 14 மூட்டை சுவரோரம் அடுக்கியிருக்கிறது, யாரும் வாங்கவில்லை. சிமெண்ட் சூளைகளில் நிலக்கரியோடு சேர்த்து இதை எரிக்கிறார்கள், அங்கே சூடு 1,400 டிகிரிக்கு மேல் போகும், தெருமுனை நெருப்பு மாதிரி இல்லை. ஆனால் 14 மூட்டைக்கு லாரி வராது. பக்கத்து நான்கு ஊராட்சிகளிலும் சேர்த்தால் ஒரு லோடு தேறும் என்று தோன்றுகிறது. திங்கட்கிழமை முதலில் ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊருக்குப் போகிறேன். அங்கே தலைவராக இருக்கும் அக்கா எங்கள் நோட்டீஸைப் படித்துவிட்டுக் கோபமாக இருக்கிறாராம். தம்பியையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.